சித்தூரில் சுழன்ற சக்திமான்

புரட்டாசி சனிக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கும். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, துளசி சுற்றிய பித்தளைச் சொம்பை ஏந்தி, வீடு வீடாகப் போய் "கோவிந்தா" என்று குரல் கொடுக்க வேண்டும். சொம்பில் விழுகிற அரிசியில்தான் அன்றைய தளிகை. சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். மலையேற முடியாத சனிக்கிழமைகளில் பெருமாளை இப்படித்தான் வீட்டுக்கு அழைப்போம். 1997ஆம் ஆண்டுப் புரட்டாசியில் அந்தச் சொம்பு பாதிகூட நிரம்பாமல் வீடு திரும்பியது. ஆயா அரிசியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். நாங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் செப்டம்பரில்தான் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடங்கியிருந்தது. முதலில் சனிக்கிழமை காலையும் செவ்வாய்க்கிழமை மாலையும் வந்தது. பிறகு ஞாயிறு நண்பகலுக்கு மாறியது. 2005 மார்ச் வரை, நானூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிய தொடர், பத்தாம் வகுப்பு முடிக்கும்போதுதான் முடிந்தது. நடுவில் எங்கள் டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டி போய் கலர் டிவி வந்தது. அதற்கு முன்பு வெகுநாள் வரை அந்த வீரனின் உடை என்ன நிறம் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டில் ஒருநாள் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: குங்குமத்தைக் கொஞ்சம் கருக்கவிட்ட மாதிரி ஒரு செம்மை, நெஞ்சில் பொன்னிறச் சூரியன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்தத் தொடரை நான் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அதற்குக் காரணம் ஊரடங்கு. 2020 ஏப்ரலில், ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் தொடர்ந்து, தூர்தர்ஷன் சக்திமானையும் மறுஒளிபரப்பு செய்தது. அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் இல்லை, தெருவில் இறங்கக் கூடாது. "மாமா, இது யாரு?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்ல நினைத்த பதில்தான்.

பீஷ்மரும் துரோணரும்

எங்கள் வீட்டில் சக்திமானை முதலில் அடையாளம் கண்டுகொண்டவள் ஆயாதான். "இவரு பீஷ்மரு இல்ல?" என்றாள். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில், 1988 முதல் 1990 வரை, பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னாதான் சக்திமான். சில வாரங்கள் போனதும் இருட்டுக்குள்ளிருந்து வில்லன் கில்விஷ் வந்தான். இருளே என்றும் நிலைக்கட்டும் என்ற பொருளில் ஒரு முழக்கம் அவனுக்கு. ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அட, துரோணரு!" என்றாள். அதுவும் சரி. தம்ராஜ் கில்விஷாக வந்த சுரேந்திர பால் அதே மகாபாரதத்தில் துரோணராக வாழ்ந்தவர். பிறகு 'சாணக்யா' தொடரில் அமாத்திய ராட்சசன்.

நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தால் ஆயா எங்களைவிடச் சரியாகப் பார்த்திருக்கிறாள். தொடரின் கதையே பாரதக் காலத்தில்தான் வேர் பிடிக்கிறது. கலியுகத்தில் இருள் பெருகும் என்று முன்பே உணர்ந்த சூர்யான்ஷித் துறவிகள், அதை எதிர்க்க ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யோகத்தால் அவன் உடம்பின் ஏழு சக்கரங்களும் எழுப்பப்படுகின்றன, ஐம்பூதங்களின் ஆற்றல் அவனுக்குள் இறங்குகிறது. முகேஷ் கன்னாவின் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரே பீஷ்ம் இன்டர்நேஷனல். பீஷ்மர் வேடத்தை அவர் கழற்றி எங்கேயும் வைத்துவிடவில்லை. அதன் மேலேயே இன்னொரு வேடத்தைப் போட்டுக்கொண்டார்.

ஆயாவுக்கு இது புரிந்ததில் வியப்பில்லை. சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் தெலுங்கில் படித்தால் அடுத்த ஊரில் தமிழில் படிப்பார்கள். கடைசி நாளில் வயல்வெளியில் மண்ணால் பிசைந்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான், பொழுது சாய்ந்தால் தீமிதி. கூத்தில் ஒரு ராத்திரி தர்மனாக வந்தவர் இன்னொரு ராத்திரி சகுனியாக வருவார். காலையில் அதே ஆள் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். துரோணர் அரக்கனாக வந்தால் அங்கே யாரும் திடுக்கிட மாட்டார்கள். "நேத்து அந்த வேஷம், இன்னிக்கு இந்த வேஷம்" என்று ஆயா சொன்னதோடு அந்த விவாதம் முடிந்தது.

அந்தப் பாரதத்தில் எனக்கு மிகப் பிடித்தது அர்ச்சுனன் தபசு. கோயில் திடலில் உயரமான மரம் ஒன்றை நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். கீழே கூட்டம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும். உச்சியை அடைந்ததும் எலுமிச்சம்பழமும் பூவும் கீழே விழும், பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானையை ஏந்துவார்கள். பாசுபத அஸ்திரம் அர்ச்சுனனுக்கு அப்படித்தான் கிடைத்தது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்தில் பிறந்ததாலேயே வல்லவன். ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடித்தது. சக்திமான் தவம் செய்தான். அதனால் அவன் வேற்றாளாக எங்களுக்குத் தோன்றவே இல்லை, தபசு மரத்திலிருந்து இறங்கி வந்தவனாகத்தான் தெரிந்தான்.

மூன்று மொழி, ஒரு டிவி

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்த ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கே போனது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஓடும் நீவா நதி எல்லை தாண்டினால் பொன்னையாறு. எங்களுக்கும் அப்படித்தான், வீட்டில் ஒரு பேர், வெளியில் ஒரு பேர். அப்பாவை நைனா என்று கூப்பிடும் தமிழ் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் ஹிந்தி.

சக்திமான் ஹிந்தியில் வந்தான். ஆறாம் வகுப்பு படித்த அண்ணன் ஒருவன் எங்கள் மொழிபெயர்ப்பாளன். அவன் ஹிந்தியைத் தெலுங்கில் சொல்வான், நான் அதைத் தமிழாக்கி ஆயாவுக்குச் சொல்வேன். இரண்டு கை மாறி வரும்போது கதை கொஞ்சம் வளர்ந்தே வரும். தொடரில் செய்தியாளராக வரும் கீதா விஸ்வாஸ் கில்விஷின் சொந்தத் தங்கை என்று ஆயா கடைசி வரை நம்பினாள். அது அண்ணனின் கைவரிசையா என்னுடையதா, இன்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை. ஆனால் பிற்பாடு வேலைக்காகக் குண்டூர் தாண்டி வடக்கே போனபோது என் வாயில் வந்த ஹிந்தி முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றது.

வேலூர் நாற்பது கிலோமீட்டருக்குள். அங்கிருந்த சித்தி பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஹிந்தி இல்லை. ஆனாலும் அவர்களும் பார்த்தார்கள், அவர்களும் சுழன்றார்கள். வலது கையை மேலே தூக்கி, ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி, தலை கிறுகிறுத்து மண்ணில் விழுவது. அந்தச் சுழற்சிக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் அதற்கு முன்பும் வீரர்கள் இல்லாமல் இருந்ததில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை எங்கள் சித்தப்பாக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அம்புலிமாமாவின் விக்ரமாதித்தன் முதுகில் வேதாளத்தைச் சுமந்தபடி ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் தமிழ் அம்புலிமாமா, பக்கத்து வீட்டில் தெலுங்குச் சந்தமாமா, படங்கள் ஒன்றே. ஆனால் அவர்கள் காகிதத்தில் இருந்தவர்கள். சதையும் வியர்வையுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, நம் ஆள் போன்ற முகத்துடன் பறந்த முதல் வீரனை எங்கள் தலைமுறை சக்திமானில்தான் பார்த்தது.

காசும் கயிறும்

இப்போது பார்க்கும்போது தொடரின் ஏழ்மை முதல் காட்சியிலேயே தெரிகிறது. நீலத்திரைக்கு முன்னால் எடுத்து ஒட்டிய ஆகாயம், ஓரங்களில் நடுங்கும் உருவக்கோடு, ஒரே கட்டடத்தின் மேல் திரும்பத் திரும்பப் பறத்தல். அக்கா மகன் முதல் நாளே, "மாமா, பின்னாடி ஒட்டியிருக்கு" என்று கண்டுபிடித்துவிட்டான். நான் எட்டு ஆண்டுகள் பார்த்தும் கண்டுபிடிக்காதது அது.

தூர்தர்ஷனில் ஒளிபரப்பாவதற்குத் தயாரிப்பாளர்தான் பணம் கட்ட வேண்டும். விளம்பரத்தில் அதை மீட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஒரு பகுதிக்கு 3.80 லட்சம் ரூபாய் கட்டினேன், ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியதும் அது 7.80 லட்சமானது, பிறகும் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, தொடரை நிறுத்தியதற்கு அதுவே காரணம் என்று முகேஷ் கன்னா பிற்காலப் பேட்டிகளில் கணக்குச் சொல்லியிருக்கிறார். 1998இல் பார்லே-ஜி பிஸ்கட் அந்தத் தொடருக்கு விளம்பரதாரராக வந்தது. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததும் நாங்கள் முதலில் தேடியது பிஸ்கட்டை அல்ல.

இயக்குநர் தின்கர் ஜானி. அந்தக் காசுக்குள், அந்தக் காலத்து வீடியோ கருவிகளுக்குள், வாரந்தவறாமல் ஓடிய ஒரு குழுவிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. குறையை நடிகர்கள் ஈடுகட்டினார்கள். வில்லன் விஞ்ஞானி டாக்டர் ஜாக்காலாக வந்த லலித் பரிமூ "பவர்" என்ற ஒற்றைச் சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். அச்சமும் பேராசையும் பிள்ளைத்தனமும் கலந்த குரல். நாடக மேடையில் பழகிய உடம்பு அது என்பது இன்று பார்த்தால் தெரிகிறது. கிராபிக்ஸ் பழசாகிவிட்டது, அந்தக் குரல் பழசாகவில்லை.

பழசாகிப்போனவையும் உண்டு. நீண்ட நீண்ட உபதேசங்கள். ஒரு சண்டைக்கு மூன்று வாரம். செய்தியாளர் கீதா விஸ்வாஸைத் தொடர் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம். முதலில் கிட்டு கித்வானி, பிறகு வைஷ்ணவி. துணிச்சலாகக் கேள்வி கேட்கிற பெண், உண்மையைத் தேடி வில்லனின் கோட்டைக்குள்ளேயே நுழைகிறவள். அவளுடைய அறிவால் முடிந்திருக்க வேண்டிய பல கதைகள் அவள் கட்டப்பட்டுக் கிடக்க, சக்திமான் வந்து கட்டை அவிழ்ப்பதில் முடிகின்றன. எங்கள் தெருவில் சக்திமானாக நடிக்கப் பத்துப் பேர் சண்டை போட்டோம். கீதாவாக நடிக்க ஒருத்தி இருந்தாள். அவளும் கொஞ்ச நாளில், "நானும் சுத்துறேன்" என்று கையைத் தூக்கிவிட்டாள்.

பல் துருத்திய கங்காதர்

மறுபார்வையில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் கங்காதர்.

பண்டித கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. 'ஆஜ் கி ஆவாஸ்' நாளிதழின் புகைப்படக்காரர். தடித்த கண்ணாடி, துருத்திய முன்பல், தன்னைப் பார்த்து யார் சிரித்தாலும் கூடவே சிரிக்கும் சுபாவம். அவர்தான் சக்திமான் என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கண்ணாடி போட்ட பத்திரிகையாளன் 1938இல் பிறந்த சூப்பர்மேனிடமிருந்தும், கேமரா ஸ்பைடர்மேனிடமிருந்தும் வந்தவை என்பது வெளிப்படை. ஆனால் முகேஷ் கன்னா அந்த எளியவனுக்குள் இறங்கிய ஆழம் அந்த இரண்டிலும் எனக்குத் தென்பட்டதில்லை. நிமிர்ந்து நின்றால் பீஷ்மர் என்று ஊரே எழுந்து நிற்கும் ஒரு உடம்பை, தோளைக் குறுக்கி, கழுத்தைச் சாய்த்து, குரலை உடைத்து, பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்தால் கவனிக்கவே மாட்டோம் என்ற ஆளாக மாற்றிக் காட்டினார். சின்ன வயதில் கங்காதர் வந்தால் எங்களுக்குப் பொறுமை இருக்காது, சக்திமான் எப்போது வருவான் என்று துடிப்போம். இப்போது கங்காதர் காட்சிகளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அந்தப் பாத்திரம் ஏன் இப்படி நெஞ்சில் ஒட்டுகிறது என்று யோசித்தபோது திருப்பதி நினைவுக்கு வந்தது. மலை அல்ல, மலையடிவாரம். தாதய்யகுண்டா கங்கம்மா.

வேஷம் கட்டும் ஊர்

மே மாத வெயிலில் திருப்பதியில் ஒரு வாரம் கங்கம்மா ஜாத்திரை நடக்கும். கங்கம்மாவை வெங்கடேசப் பெருமாளின் தங்கை என்பார்கள். ஜாத்திரைக்குத் தேவஸ்தானத்திலிருந்து அண்ணன் வீட்டுச் சீர் வரும். அவளுடைய தாய்வீடு என்று சொல்லப்படும் அவிலாலா கிராமத்திலிருந்தும் சீர் வரும். தப்பு அடித்து ஜாத்திரையை ஊருக்குச் சாட்டிவிட்டால் அதன் பிறகு ஊர்க்காரர்கள் ஜாத்திரை முடியும்வரை வெளியூர் தங்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு.

கதை இதுதான். அந்த வட்டாரத்தை ஆண்ட ஒரு பாளையக்காரன் கண்ணில் படும் பெண்களையெல்லாம் சூறையாடினான். கங்கம்மா மேலேயே கை வைக்கத் துணிந்தான். அவள் யாரென்று தெரிந்ததும் ஓடி ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷத்தில் ஊருக்குள் இறங்கினாள். ஒருநாள் பைராகி. ஒருநாள் பண்டவேஷம். ஒருநாள் தோட்டி. எந்த வேஷத்துக்கும் அவன் வெளியே வரவில்லை. கடைசியில் தொரை வேஷத்தில் வந்தாள். நமக்கு மேலான துரை வந்திருக்கிறார், வணங்க வேண்டும் என்று அவன் மறைவிடத்திலிருந்து வெளியே வந்தான். அவன் தலை விழுந்தது.

ஜாத்திரையில் ஊர் முழுக்க அந்த வரிசையைத் தன் உடம்பில் நடத்திப் பார்க்கிறது. பைராகி நாளில் நாமக்கட்டியைக் குழைத்து உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொள்கிறார்கள். பண்டவேஷத்தன்று குங்குமச் சிவப்பு. அன்றைக்கு யாரும் யாரையும் வசை பாடலாம், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. தோட்டி நாளில் கரி பூசி வேப்பிலை கட்டிக்கொள்கிறார்கள். நேர்ந்துகொண்ட ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு கோயிலுக்கு வருகிறார்கள். வங்கி அதிகாரி வருவார், ஆட்டோ ஓட்டுகிறவர் வருவார், மீசையை எடுக்காமலே பொட்டு வைத்துக்கொண்டு காலேஜ் பையன் வருவான். கங்கம்மாவின் முக்கிய வேஷங்களைக் கட்டும் உரிமை கைகால குலத்தாருக்கு. நாம் கைக்கோளர் என்று சொல்லும் நெசவுக் குலத்தின் தெலுங்குப் பெயர் அது. அமெரிக்க அறிஞர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த ஊரில் பல முறை தங்கி, வேஷக்காரர்களின் வீடுகளில் பழகி, 2013இல் கங்கம்மாவைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். உலகம் பெண்ணாகும் நேரம் என்ற பொருளில் தலைப்பு. ஜாத்திரை நடக்கும் நாட்களில் திருப்பதித் தெருவில் நின்று பார்த்தால் அந்தத் தலைப்பு எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

கங்காதரைக் கங்கம்மாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் இருவர் செய்வதும் ஒன்று. வல்லமை உள்ளவர்தான் எளிய வேஷத்தில் வருகிறார். தோட்டியாக, பைராகியாக, பல் துருத்திய புகைப்படக்காரராக. தீயவன் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான், அதனால் கீழே நடமாடும் ஆளைக் கவனிக்காமல் விடுகிறான். பெரிய பதவி, பெரிய உடை தெரிந்தால் மட்டுமே தலை வணங்குகிறவனைக் கங்கம்மா எதை வைத்துப் பிடித்தாள் என்பது திருப்பதிக் குழந்தைக்குத் தெரியும். கங்காதர் பெயர்ப் பலகை இல்லாத மேசையில் உட்கார்ந்திருப்பது ஏன் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. தொரை வேஷத்துக்கு மறுநாள் கங்கம்மா மாதங்கி வேஷத்தில் வருகிறாள். எதற்கு? கொல்லப்பட்ட பாளையக்காரனின் மனைவியைத் தேற்றுவதற்கு. தலையை வெட்டியவளே தாலி அறுத்தவளின் கண்ணீரைத் துடைக்க வருகிறாள். நான் பார்த்த, படித்த சூப்பர் ஹீரோ கதைகளில் வில்லன் வீட்டு வாசற்படியை மிதித்து ஆறுதல் சொன்ன வீரன் ஒருவனும் இல்லை. இந்த இடத்தில் எங்கள் கங்கம்மா அத்தனை பேரையும் தாண்டி நிற்கிறாள். சக்திமான் அந்தத் திசையில் கொஞ்ச தூரம் வந்தான். திருந்துகிறவனைத் திருந்த விட்டான். பகுதியின் கடைசியில் ஏதாவது தப்புச் செய்த பிள்ளை ஒன்று வந்து, "ஸாரி சக்திமான்" என்று சொல்லும். குப்பையைத் தெருவில் போட்டவன், பல் துலக்காதவன், பொய் சொன்னவன். எங்கள் வீட்டிலும் நைனாவிடம் மன்னிப்புக் கேட்கக் கூச்சப்பட்ட நான், டிவிப் பெட்டியைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறேன். அதட்டிக் கேட்க வைத்த மன்னிப்பு அல்ல அது. யாரும் இல்லாத கூடத்தில் நானாகச் சொன்னது.

கீழே விழுந்த பிள்ளைகள்

இதை எழுதாமல் சக்திமானைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. தொடர் உச்சத்தில் இருந்தபோது, சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்ததாகவும், இன்னும் கொடிய விதங்களில் உயிரைப் பணயம் வைத்ததாகவும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து செய்திகள் வந்தன. அந்தச் செய்திகள் எல்லாவற்றையும் முகேஷ் கன்னா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தொடரிலேயே தோன்றி, இவையெல்லாம் படப்பிடிப்புத் தந்திரங்கள், யாரும் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் பேசினார். எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் இதையே சொன்னார். அன்று மாலை நைனா மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

அந்தப் பூட்டை நான் பல ஆண்டுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் அவ்வளவு உயரம் ஏறுகிறார். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டுத் தென்னை மரத்திலிருந்து குதித்ததில்லை. ஏன்?

வேஷம் கட்டுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதே காரணம் என்று எனக்குப் படுகிறது. கூத்து நடக்கும் இரவில் கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? அரிதாரம் குழைப்பதையும், மரக்கட்டைக் கிரீடத்தைக் கயிறு போட்டு இறுக்குவதையும், இடுப்பில் வைக்கோல் பிரி சுற்றுவதையும் வாய் பிளந்து பார்ப்போம். ஜாத்திரையில் கரி பூசிக்கொள்வது பக்கத்து வீட்டு அண்ணன். அவன் எப்போது சாமி, எப்போது அண்ணன் என்பது ஊருக்கே தெரியும். சாமி வந்த நேரத்தில் காலில் விழுவார்கள். மறுநாள் அவனையே கடைக்கு அனுப்புவார்கள். நம்பிக்கை ஒரு துளி குறையாது, ஆனால் அதற்கு ஒரு வாசலும் ஒரு முடிவும் உண்டு. டிவிப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒயர்தான் இருந்தது. சக்திமான் எங்கே உடை மாற்றுகிறான், எந்தக் கயிறு அவனைத் தூக்குகிறது என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை. எங்கள் நம்பிக்கையின் வலிமையைப் பெரியவர்கள் குறைவாக எடை போட்டுவிட்டார்கள். அந்தச் செய்திகளில் ஒன்றே ஒன்று உண்மையாக இருந்தாலும் அது போதும், அழுவதற்கு.

அதனால் 2020இல் அக்கா மகன் முதல் நாளே "ஒட்டியிருக்கு" என்று சொன்னபோது எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றம், இன்னொரு பக்கம் பெரிய நிம்மதி. அவன் தலைமுறை கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் வந்து உட்காருகிறது. ஆனாலும் அவன் எழுந்து போகவில்லை. கங்காதர் ஒரு கடைக்காரரிடம் ஏமாந்த காட்சியில், "பாவம் மாமா" என்றான். எல்லாம் தெரிந்த பிறகும் இரங்குகிற மனசு அவனுக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் தொடரை முதலிலிருந்து அவனுக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன். யூடியூபில் கிடைத்தவற்றையெல்லாம் பார்த்தோம்.

திரும்பி வரும் வேஷங்கள்

சக்திமானைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் ஓயவில்லை. 2011இல் கார்ட்டூனாக வந்தது, 2013இல் தொலைக்காட்சிப் படமாக வந்தது. 2022 பிப்ரவரியில் சோனி நிறுவனம் மூன்று பாகத் திரைப்படத்தை அறிவித்தது. 1958இல் பிறந்த முகேஷ் கன்னா 2024 நவம்பரில் அதே சூரிய உடையுடன் மறுபடி தோன்றினார். பலர் அவர் வயதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எழுபது வயதிலும் அர்ச்சுனன் கட்டிய வாத்தியார்கள் உண்டு. மரத்தில் ஏறும்போது மட்டும் சீடன் ஏறுவான்.

இதற்கிடையே எங்கள் மண்ணும் திரைக்குப் போய்விட்டது. ஏழுமலைகளில் ஒன்றான அஞ்சனாத்ரியே அனுமன் பிறந்த இடம் என்று 2021இல் தேவஸ்தானம் அறிவித்தது. 2024 ஜனவரியில் 'ஹனுமான்' என்ற தெலுங்குப் படம் அஞ்சனாத்ரி என்ற கற்பனைக் கிராமத்தில் ஒரு சாதாரணப் பையனுக்கு ஆற்றலைக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தது. சேஷாசலக் காட்டுச் செம்மரமும் சித்தூர்த் தெலுங்கும் நாடு முழுக்கப் போனது முதல் பாகத்தில். இரண்டாம் பாகத்தில் அல்லு அர்ஜுன் நீல உடம்போடு புடவை கட்டி, எலுமிச்சை மாலை போட்டு, கங்கம்மா ஜாத்திரையில் ஆடினார். சென்னைத் திரையரங்கில் அந்தக் காட்சிக்கு எழுந்த விசிலுக்கு நடுவில் நான் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு அது ஒரு கதாநாயகனின் புது கெட்டப். எனக்கு அது மே மாதம், தப்புச் சத்தம், வேப்பிலை வாசம்.

அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அக்கா மகன் ஜாத்திரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி என்னை விடவே இல்லை. பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாகப் பஸ்ஸில் போனோம். அவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. சக்திமானைப் பற்றிக் கேட்டால் சின்னப் பிள்ளையில் பார்த்தது என்று சொல்லிவிடுவான். அன்று தோட்டி வேஷ நாள். கோயில் தெரு முழுக்கக் கறுப்பு உடம்புகள். கூட்டத்தில் எங்களுக்கு முன்னால் போன ஒரு இளைஞன் தலைமுதல் கால்வரை கரி பூசி, இடுப்பில் வேப்பிலைக் கொத்து கட்டி, ஆவேசமாக ஆடிக்கொண்டே போனான். பெண்கள் குழந்தைகளைத் தூக்கி அவன் காலடியில் கிடத்தினார்கள். அவன் தாண்டிப் போனான். இவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் பிடிக்கிற மாதிரி.

தரிசனம் முடிந்து திரும்பும்போது சந்து முனையில் இருந்த குழாயடியில் அதே இளைஞனைப் பார்த்தோம். ஒரு வயதான அம்மா பிளாஸ்டிக் குடத்தால் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரி கரைந்து சாக்கடையில் கறுப்பாக ஓடியது. இவன் கிட்டே போய் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, இப்ப சாமி இருக்கா?"

அவன் கண்ணில் இறங்கிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இல்ல நைனா. கோயில்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

காதுக்குப் பின்னால் கொஞ்சம் கரி ஒட்டியிருந்தது. அந்த அம்மா முந்தானையால் அதைத் தேய்த்துவிட்டாள். அவன் துண்டால் தலையைத் துவட்டி, மதில்மேல் மடித்து வைத்திருந்த கட்டம் போட்ட சட்டையை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டி, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். தடித்த கண்ணாடி. இவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவன் பைக்கை உதைத்துக் கிளப்பி, காந்தி ரோடு பக்கம் கூட்டத்துக்குள் போய் மறையும்வரை நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம்.